சுவர் இருந்த இடம்

மார்ச்சில் சுவரை இடித்தோம்.
ரைவோ சம்மட்டி பிடித்தான், நான் தூசிக்குத் துணி பிடித்தேன்.
நடுவில் ஒரு தூணை மட்டும்
விட்டுவைக்கச் சொன்னார் பொறியாளர்;
அதையும் எடுத்தால் மேல்மாடிப் பியானோ
உங்கள் சூப்பில் விழும் என்றார்.

ஏப்ரலில் தெரிந்தது
சுவர் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று.
ஞாயிறு பொரித்த ஹெர்ரிங் மீன்
புதன்கிழமை வரை சோபாவில் உட்கார்ந்திருந்தது,
எழுந்து போ என்று காட்ட ஒரு கதவில்லை.
நாயின் ஈரம் என் மேசைக்கு வந்தது.
அவன் காபி என் தலையணையில் ஏறியது.
சண்டைக்கும் அப்படித்தான்:
அறைந்து சாத்த எதுவுமில்லாமல்
முறைவைத்துக் குளியலறைக்குள் போய்க் கோபித்துக்கொண்டோம்.

முதலில் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் கொதிக்கவைத்தேன்.
கிறிஸ்துமஸ் அன்று மீன் செத்ததுபோல் இருக்கிறது
என்றான் ரைவோ.
சரியாகத்தான் சொன்னான், அதனால் பேசவில்லை.

தெல்லிஸ்கிவிக் கடையில் கெர்ட்டு என்ற பெண்
ஒன்பது காகிதக் கீற்றுகளை விசிறியாய் விரித்தாள்.
எத்தனை சதுர மீட்டர்?
ஐம்பத்தெட்டு.
கூரை?
மூன்றரை. முன்பு பஞ்சாலை.
உதட்டைப் பிதுக்கினாள், கெட்ட சேதி சொல்லவரும் வைத்தியர்போல.
பெரிய இடத்துக்குப் பலத்த மணம் என்றுதான் வருகிறார்கள் எல்லோரும்.
மூலைக்கொன்று வைக்காதீர்கள்,
நடுவழியில் சந்தித்து அடித்துக்கொள்ளும்.
அடுப்பருகே வேண்டாம். சன்னலில் வேண்டவே வேண்டாம்.
ஆள் நடக்கும் வழியில், இடுப்புயரத்தில், ஒன்றே ஒன்று.
வனிலாவா? மீன் இனிக்கும்.
அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கீற்றுகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் வந்தேன்.
ருபார்ப், அத்தி, துவைத்த லினன், மழை
(எந்த ஊர் மழை என்று கேட்க மறந்துவிட்டேன்).
வீடு சேர்வதற்குள் ஒன்பதும் ஒன்றாகி
பையில் கிடந்த சாவியும் கைக்குட்டையும்
வேறு யாரோ ஒருத்தியுடையவை ஆகியிருந்தன.

ரைவோ ஒவ்வொன்றாக முகர்ந்தான்.
அத்திக்கு: பல் மருத்துவர்.
லினனுக்கு: உன் அக்கா மெரிகே, கோபமாக இருக்கும்போது.
மழைக்கு ஒன்றும் சொல்லாமல் சன்னலைக் காட்டினான்,
வெளியே இலவசமாகப் பெய்துகொண்டிருந்தது.
எட்டுக்கும் நாய் தும்மியது.
ஒன்பதாவதை நக்கப் பார்த்தது:
ஜூனிப்பர்.
ரைவோ எழுந்து போய் இழுப்பறையிலிருந்து
வெண்ணெய்க் கத்தியை எடுத்து வந்தான்.
ஜூனிப்பர் மரத்தில் செதுக்கியது, சந்தையில் நான்கு யூரோ.
என் மூக்கருகே பிடித்து,
இதற்கா இருபத்தொன்பது? என்றான்.

இருபத்தொன்பது கொடுத்தேன்.

தூணின் பக்கத்தில் வைத்தோம், ஆறு குச்சிகள்.
முதல் நாள் வீடு முழுக்கக் காடு.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
குச்சிகளைத் தலைகீழாக்கினேன், புட்டியை உலுக்கினேன்,
கடைசியில் கெர்ட்டுவைத் தொலைபேசியில் பிடித்தேன்.
அது அங்கேயேதான் இருக்கிறது, என்றாள்,
உங்கள் மூக்குதான் குடியேறிவிட்டது.
மேல்மாடிப் பியானோக்காரர் படியில் நிறுத்தி நன்றி சொன்னார்.
சூடான காற்று மேலே போகுமாம்.
அவர் கூடம் மணக்கிறதாம், வாரக்கணக்கில்.

அக்டோபரில் நான்கு நாள் ஹாப்சலுவில், மெரிகே வீட்டில்.
திரும்பி வந்து, பெட்டியைக் கீழே வைக்காமல், கதவைத் திறந்தேன்.
ஒரு மூச்சு நீளத்துக்கு
யாரோ தெரியாதவர்கள் வீடாக இருந்தது:
பொரித்த மீன், நாய், அவன் தூக்கிப்போடாத செய்தித்தாள்கள்,
இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி,
எல்லாவற்றுக்கும் பின்னால்
கூட்டத்தில் ஒதுங்கி நடக்கும் ஒல்லியான ஆள்போல ஜூனிப்பர்.
இதுதானா எங்கள் வாசம்.
மோசமில்லை.
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்,
போய்விட்டது.

கதவைச் சாத்து,
தூணுக்கு அப்பாலிருந்து ரைவோ கத்தினான்,
சூடெல்லாம் வெளியே போகிறது.